சொல்லின் தலையையும் வாலையும் தின்னும் ஒலிப்பதிவுக் கருவி: ஒன்பது ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் என் ஒலிப்பதிவுக் கருவி மூன்றாம் முறையாகப் பழுது நீங்கித் திரும்பி வந்தது. பதிவுப் பொத்தானின் அடியில் இருந்த தகடு தேய்ந்துவிட்டதென்று சொல்லிப் பழுது பார்ப்பவர் 650 ரூபாய் வாங்கிக்கொண்டார். “இதுக்குப் போய்ச் செலவு பண்றீங்களே சார், போன்லயே பதிவு பண்ணலாமே” என்ற அறிவுரையை மட்டும் இலவசமாகத் தந்தார். அன்று மாலையே திண்டுக்கல்லில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், தம் மாணவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பும் இலக்கணமும் கற்பிக்க இத்தகைய கருவியொன்றை வாங்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

நான் இதை 2016-இல் 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். என் மாலை வகுப்பில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் செவிலியர் பயிற்சியோ பாலிடெக்னிக் படிப்போ முடித்து, நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள். நாம் பேசுவதை நாமே வெளியிலிருந்து கேட்கும்வரை திருத்தம் எதுவும் மனத்தில் ஏறாது என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் பணத்தைக் கொடுத்தேன். மின்கல ஆயுள், சேமிப்புக் கொள்ளளவு போன்றவற்றைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை.

என் குறையெல்லாம் ஒன்றே. மின்கலத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இக்கருவி நான் செய்துவைத்த அமைப்புகளை மறந்துவிட்டு, தனக்குப் பிடித்த இரண்டு அமைப்புகளுக்குத் திரும்பிவிடுகிறது. ஒன்று, குரல் கேட்டால் மட்டும் பதிவைத் தொடங்கும் முறை. மற்றொன்று, அதிக நேரம் பதிவு செய்வதற்கான ‘லாங் பிளே’ முறை. அலுவலகக் கூட்டங்களைப் பதிவு செய்கிறவருக்கு இவை இரண்டும் வசதியாக இருக்கலாம். உச்சரிப்பு கற்பிக்கிறவருக்கு இவற்றைவிடக் கொடியவை வேறில்லை. முதல் முறையில், குரல் எழுந்துவிட்டது என்று கருவி உணர்ந்து விழிப்பதற்குள் சொல்லின் முதல் மெய் கடந்து போய்விடுகிறது. ‘ஹீ’ என்றாலும் ‘ஷீ’ என்றாலும் பதிவில் ‘ஈ’ என்றே கேட்கிறது. இரண்டாம் முறையில் என் கருவி ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளக்கிறது. அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு, மேற்பட்ட ஒலி எதையும் அந்தப் பதிவால் ஏந்த முடியாது. ‘ஸ்’ ஒலியின் வலுவில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியதால்தான், பெயரின் எழுத்துகளைச் சொல்லும்போது ‘எஃப்’ எது, ‘எஸ்’ எது என்று விளங்காமல் ‘ஃபாதர்’ என்றும் ‘சண்டே’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வாறாக ஓர் அமைப்பு சொல்லின் தலையைத் தின்ன, மற்றொன்று வாலைத் தின்கிறது.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. வாங்கிய சில மாதங்களில், செவிலியர் பயிற்சி முடித்த மாணவி ஒருவர் தம் தாயைப் பற்றிப் பேசிப் பதிவு செய்தார். ‘ஷீ வொர்க்ஸ்’ என்று வரவேண்டிய இடங்களில் எல்லாம் பதிவில் ‘ஈ வொர்க்’ என்றே கேட்டது. ஐந்து முறை திரும்பச் சொல்ல வைத்தேன். ஐந்து முறையும் கருவியைச் சாட்சியாக வைத்துக் கடிந்துகொண்டேன். கடைசியில் அவர், “நான் சொன்னேன் சார், அதுதான் முழுங்கிடுச்சு” என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் அவர் சரியாகத்தான் சொன்னார் என்றார்கள். என் காது கருவியின் பக்கம் இருந்ததால் அவரை நான் கேட்கவே இல்லை. மறுநாள் அமைப்பை மாற்றிப் பதிவு செய்தபோது ‘ஸ்’ தெளிவாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்தார், கருவி மட்டும் அடுத்த மின்கலத்தோடு பழைய வழிக்கே போய்விட்டது.

கோபம் ஒருபுறம் இருக்க, இந்தக் குறைதான் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. ஆங்கில இலக்கணத்தின் பெரும்பகுதி சொல்லின் கடைசியில், மிக மெல்லிய ஒலிகளில் குடியிருக்கிறது. பன்மை, உடைமை, படர்க்கை ஒருமை வினை, ‘இஸ்’ என்பதன் சுருக்கம், ‘ஹேஸ்’ என்பதன் சுருக்கம் ஆகிய ஐந்து வேலைகளையும் ஒரே ‘ஸ்’ பார்க்கிறது. இடத்துக்கேற்ப அது தொண்டை அதிர்வு கூடியும் (z போல) ஒலிக்கும். ஒழுங்கான வினைகளின் இறந்தகாலம் முழுவதும் ஒரு ‘ட்’ (t) அல்லது அதன் அதிர்வுள்ள இணையில் (d) நிற்கிறது. ‘வாக்ட்’ என்று ஓரசையாகச் சொல்ல வேண்டியதை நம் மாணவர்கள் எழுத்தைப் பார்த்து ‘வாக்கெட்’ என்கிறார்கள். வினையடியே அந்த ஒலிகளில் முடியும் ‘வான்ட்’, ‘நீட்’ போன்றவற்றுக்கு மட்டுமே அந்தக் கூடுதல் அசை உரியது. ஆகவே, “இலக்கணம் தெரியவில்லை” என்று நாம் சிவப்பு மையால் சுழிக்கும் பிழைகளில் பல, காதில் விழாத ஒலியை வாய் சொல்லாமல் விட்டதால் வந்தவை என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கடைசி மெய்யைச் சொல்லும்படி வற்புறுத்தினால் நமக்கு வேறொரு சிக்கல் வருகிறது. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழ் நாவுக்கு வழக்கமில்லை. உடனே ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு ‘வாக்டு’, ‘வொர்க்ஸு’ என்றாகிவிடும். “உகரத்தை விடு” என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. விடை நன்னூலில் இருந்தது. “உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்” என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த நூற்பாவை நினைத்துப் பாருங்கள். அடுத்து ஓர் உயிர் வந்தால் அந்த உகரம் தானாகவே ஓடிவிடும். எனவே தனிச்சொல்லாகப் பயிற்சி தருவதை நிறுத்திவிட்டு, எப்போதும் உயிரில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்த்தே தருகிறேன். ‘வாக்ட் இன்’ என்பது ‘வாக்-டின்’ என்றும், ‘வொர்க்ஸ் அட்’ என்பது ‘வொர்க்-ஸட்’ என்றும் வருகின்றன. ‘நாடு’, ‘என்று’ இரண்டையும் ‘நாடென்று’ என்று சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது எதுவுமில்லை. பத்து நிமிடத்தில் உகரமும் போய்விடுகிறது, இறந்தகாலமும் கேட்கத் தொடங்குகிறது. பாழாய்ப்போன கருவியாலும் இதை முழுதாக மறைக்க முடிவதில்லை. பின்னே வரும் உயிர் எழும் விதமே முன்னே ஒரு மெய் இருந்ததைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கருவியைத் திட்டிக்கொண்டே ஒன்பது ஆண்டு வைத்திருப்பதற்குக் காரணம் அதன் ‘ஏ–பி’ பொத்தான். ஒருமுறை அழுத்தினால் தொடக்கம், மறுமுறை அழுத்தினால் முடிவு. இடைப்பட்ட துண்டு நாம் நிறுத்தும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். கண்ணால் பார்க்காமல், விரலால் தடவியே இயக்கலாம். முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேக்’ என்றே வரும், இங்கேயே என்னால் வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை. மாணவர்கள் கடைசி மெய்யில் வேறுபாட்டைத் தேடி அலைவார்கள். அந்த ஒரு துண்டை இருபது முறை சுழலவிட்டால் யாராவது ஒருவர், “சார், பைக்கு நீளமா இழுக்கிறாங்க” என்பார். அதுதான் உண்மை, அதிர்வுள்ள மெய்க்கு முன்னே வரும் உயிரை ஆங்கிலேயர் சற்று நீட்டுகிறார்கள். குறில், நெடில், மாத்திரை எல்லாம் தெரிந்த பிள்ளைகள் அதன்பின் அதைத் தவறவிடுவதில்லை.

ஆனால் நியாயமாகச் சொன்னால், என் வகுப்பில் மிகுதியாக வேலை செய்பவை காசில்லாத பொருள்கள். ‘பென்’ என்று சொல்லும்போது உதட்டின் முன்னே பிடித்த பேருந்துச் சீட்டு ஆட வேண்டும். ‘ஸ்பின்’ என்றால் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். ஓசை அழுத்தத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு போதும். ‘ரெக்கார்ட்’ என்பது பெயரானால் முதல் அசையிலும், வினையானால் இரண்டாம் அசையிலும் அதை இழுக்க வேண்டும். இக்கருவியின் பெயரே அந்த வினையிலிருந்து வந்ததுதான்.

எனவே நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்க வேண்டாம். அவருடைய கைப்பேசி என் கருவியைவிடத் தெளிவாகவே பதிவு செய்யும், அமைப்பை மறக்காது, துண்டைச் சுழலவிடும் செயலிகளும் அதில் கிடைக்கும். பதிவின் நடுவே அழைப்பு வந்து கெடுப்பது மட்டும் ஒரு தொல்லை. அதை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் பொறுமையாக விளக்கிவிட்டு, திண்டுக்கல் பக்கம் இதே கருவி பழையதாக, பொத்தான் தேயாமல் எங்காவது கிடைத்தால் எனக்கு ஒன்று வாங்கி அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன்.