ஆர்க்டிக் பி12 ஃபேன் மூணு வாங்கிப் போட்டேன்: திருப்பூர் பஞ்சுக்குள்ள ஆறு மாசம்

நமக்கு கல்யாண வீடியோ எடிட்டிங் பொழப்புங்க. திருப்பூர்ல மாடி ரூம்பு, தலைக்கு மேல சிமெண்ட் சீட்டு, கீழ நிட்டிங் யூனிட்டு. சித்திரை வெய்யில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள உக்காந்தா மனுசனே வெந்துருவான், கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்கற ப்ராசசர் என்ன பாடுபடும்னு யோசிச்சுக்கங்க. வைகாசி முகூர்த்த சீசன்ல ஒரு எக்ஸ்போர்ட்டைப் (எடிட் பண்ணுனத முழு வீடியோ ஃபைலா மாத்தற வேல) போட்டுட்டு சாப்பாட்டுக்குப் போயிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வந்து பாத்தா பாதி கூட நகரல. சூடு காட்டற எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரத் தொறந்து பாத்தா என்ற ஐ5-12400 ப்ராசசர் 97 டிகிரில நிக்குது, 98க்குப் போவுது, திரும்ப வருது. அந்த சிப்புக்கு 100 டிகிரிதான் எல்லை, அதுக்கு மேல போக விடாம தானாவே வேகத்தக் கொறச்சுக்கும். டப்பால 65 வாட்டுன்னு போட்டிருந்தாலும் முட்டி ஓடறப்ப 117 வாட் வரைக்கும் இழுக்கும், பக்கத்துலயே ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, அது ஒரு 170 வாட்டு. ரெண்டையும் கூட்டுனா மூணு நூறு வாட்டு குண்டு பல்ப டப்பாக்குள்ள எரியவுட்டு மூடி வெச்சாட்ட.

கேஸ், அதான் அந்தப் பெட்டி, என்ன கேஸ்னு கேக்காதீங்க, பேர் வேண்டாம், அழகப் பாத்து வாங்குனது என்ற தப்பு. முன்னாடி முழுசா கண்ணாடி, உள்ள மூணு ஆர்ஜிபி ஃபேன் கலர் கலரா சுத்தும், கல்யாண வூட்டு சீரியல் செட்டு தோத்துப்போயிரும். ஆனா காத்து உள்ள வரணும்னா கண்ணாடிக்குப் பக்கவாட்டுல ஒரு விரக்கடை கூட இல்லாத சந்து, அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய் இருக்கறதாலதான் ஆடி மாசம் கோயமுத்தூருக்கும் பல்லடத்துக்கும் அந்தக் காத்து வருது, கேத்தனூர்ப் பக்கம் காத்தாடி சுத்துது. அந்தக் கணவாய்க்கு ஒரு கண்ணாடியப் போட்டு அடைச்சா என்னாகும்? அதான் இங்கயும்.

ஃபேன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேல செஞ்சேன், நீங்களும் செஞ்சு பாருங்க, சாமி ரூம்புல இருந்து ஒரு ஊதுபத்திய எடுத்துட்டு வந்து பத்த வெச்சு ஒவ்வொரு ஃபேன் கிட்டயும் புடிக்கோணும். முன்னாடி சந்துல புடிச்சா பொகை அசையவே இல்ல, சும்மா நேரா மேல போவுது. சரின்னு பின்னாடி கொண்டு போனா, அட சாமி, பொகை சர்ருனு உள்ள போவுது! வெளிய தள்ள வேண்டிய ஃபேன அசெம்பிள் பண்ணுன புண்ணியவான் திருப்பி மாட்டியிருக்கான். பின்னாடி ஃபில்டரும் கெடையாது, அதனால கீழ மெசின்ல இருந்து பறக்கற பஞ்சு பூரா அந்த வழியா நேரா போய் சீபியூ கூலர்ல, அதான் ப்ராசசர் மேல சூட்ட எறக்க வெச்சிருக்கறதுல, ஒக்காந்துருக்குது. கூலரக் கழட்டி மேலாக்க உரிச்சா பஞ்சு ஒரே ஷீட்டா வருதுங்க, பனியனே தெச்சுறலாம். ஸ்டிக்கரும் குறுக்குச் சட்டமும் இருக்கற பக்கந்தான் காத்து வெளிய வர்ற பக்கம், இத ஒருக்கா மனசுல வெச்சுட்டா போதும்.

மொதல்ல ஒரு பைசா செலவில்லாம கண்ணாடிய மட்டும் கழட்டி வெச்சுட்டு அதே எக்ஸ்போர்ட்ட ஓட்டுனேன், 97 இருந்தது 89க்கு வந்துருச்சு. பாதி வேல அங்கயே முடிஞ்சுது, ஃபேன் வித்தவங்களுக்கு இதுல பங்கில்ல.

அப்பறந்தான் பி12. பிடபிள்யூஎம் பிஎஸ்டின்னு போட்டிருக்கறத வாங்குனேன், பிடபிள்யூஎம்னா சூட்டுக்குத் தக்க வேகத்தக் கூட்டிக் கொறைக்கலாம், 120 மில்லிமீட்டர், லைட்டு கிடையாது, கருப்பு, பாக்க ஒண்ணுமே இல்ல. 200ல இருந்து 1800 சுத்து வரைக்கும் போவும். பிஎஸ்டின்னா ஒரு ஃபேன் ஒயர் மேலயே அடுத்ததச் சொருகிக்கலாம், என்ற மதர்போர்டுல ஃபேன் ஒயர் சொருக ரெண்டே எடந்தான் இருக்குது, அதனால இது நெம்ப ஒதவுச்சு. முன்னாடி ரெண்டு உள்ள இழுக்கற மாதிரி, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ற மாதிரி. போறத விட வர்ற காத்து சாஸ்தியா இருந்தா மத்த சந்து பொந்தெல்லாம் காத்து வெளிய கசியும், பஞ்சு அந்த வழில நொழையாது, ஃபில்டர் இருக்கற எடத்துல மட்டும் மாட்டும்.

அந்த ஃபில்டருக்குத்தான் நெம்ப அலைஞ்சேன். நம்மூர்ல துணிக்கா பஞ்சம்னு ஸ்போர்ட்ஸ் டீசர்ட்டுக்குப் போடற மெஷ் துணி கட்பீஸ் ஒண்ணு வாங்கி ஒட்டுனா காத்து அடைச்சு பழையபடி 90க்கு மேல ஏறிருச்சு. கையில புடிச்சு வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியுது, ஓட்டைய விட நூல் சாஸ்தி. கடைசில கொசுவலைய வெட்டி, சுத்தி காந்தப் பட்டை ஒட்டி மாட்டுனேன், அது சரியாப் பொருந்திக்கிச்சு. பி12 அழுத்தத்துக்குன்னே செஞ்ச ஃபேனு, வலை ஃபில்டர் மாதிரி தடுப்பு இருந்தாலும் இழுக்கும், அதுதான் மத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம். ஊதுபத்திய இப்ப முன்னாடி புடிச்சா ஒரு சாண் தூரத்துல இருந்தே பொகை வளைஞ்சு உள்ள போவுதுங்க.

இப்ப அதே வீடியோ, அதே மத்தியானம், சீபியூ 81, 82. கிராஃபிக்ஸ் கார்டு 84ல இருந்து 73க்கு வந்துருச்சு. பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்ல) 60 டிகிரி வரைக்கும் ஃபேன் மெதுவா சுத்தற மாதிரி வெச்சுட்டேன், டைம்லைன் வெட்டறப்ப சத்தமே தெரியாது, எக்ஸ்போர்ட் போட்டா கேக்கும், ஆனா கீழ நிட்டிங் மெசின் ஓடறப்ப அதெல்லாம் ஒரு சத்தமா? ராத்திரி மெசின் நின்னதுக்கப்பறம் வேணா கொஞ்சம் தெரியும்.

வாங்கறவங்க ஒண்ணு புரிஞ்சுக்கங்க, ரூம்பு 38 டிகிரி இருந்தா பெட்டிக்குள்ள 38க்குக் கீழ எந்த ஃபேனும் கொண்டு போவாது, அது ஏசி இல்லீங்க. உங்க கேஸ்ல முன்னாடி ஏற்கனவே வலை இருந்து ரெண்டு ஃபேன் சுத்துச்சுன்னா இதுக்கு மேல போட்டு ஒண்ணும் பெருசாக் கொறையாது, அந்தக் காசுல நல்ல கூலர் வாங்குங்க. ஸ்க்ரூ மாட்டறப்ப மட்டும் பொறுமை வேணும், புது ஃபேன் ஓட்டைல மரை இருக்காது, அமுக்கித் திருகோணும், எனக்கு உள்ளங்கை செவந்துருச்சு.

வலையப் பத்து நாளைக்கொருக்கா ஒதறோணும், திருப்பூர்ல இருந்துட்டு இதுக்குச் சலிச்சுக்க முடியாது. கீழ நிட்டிங் கம்பெனிக்காரங்க ஏர் கன்ன எடுத்துட்டு வந்து அடிங்கண்ணாங்கறாங்க, கம்ப்ரசர் காத்துல தண்ணி வரும், ஃபேன் இறக்கையப் புடிச்சுக்காம அடிச்சா கண்டபடி சுத்தி பேரிங்கு போயிரும், நான் பெயிண்ட் பிரஷ்ஷுலதான் தட்டறேன்.

கழட்டுன ஆர்ஜிபி மூணையும் அக்கா பையன் கேட்டான்னு குடுத்துட்டேன். காத்து வராது மாப்ளேன்னேன். லைட்டு வருதுல்ல மாமா, அது போதும்னுட்டுப் போயிட்டான்.