மெமரீஸ் ஆஃப் மர்டர்: அன்று சிரித்த காட்சி

கல்லூரி விடுதியில் நாலு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து இந்தக் கொரியப் படத்தைப் பார்த்தோம். விசாரணை அறையில் முரட்டுப் போலீஸ்காரர் பூட்ஸுக்கு மேல் துணி உறையை மாட்டிக்கொண்டு உதைக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தோம். போன வாரம் தனியாக மறுபடி பார்த்தேன். அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

பாங் ஜூன் ஹோ 2003-ல் எடுத்த படம். 1986 முதல் 1991 வரை தென் கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் பத்துப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கைத் தழுவியதுதான் இந்தக் கதை. படம் வந்தபோது கொலைகாரன் யாரென்றே தெரியாது. அதனால் பொய்யாக ஒரு முடிவைக் கட்டாமல் விட்டிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் படம் உயர்ந்து நிற்கிறது.

வயல்வெளியில் பிணம் கிடக்கும் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் மனம் பதறும். ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது. மண்ணில் பதிந்த ஒரே காலடித் தடத்தைக் காப்பாற்றச் சொல்லி, வழக்கை விசாரிக்கும் பார்க் என்ற போலீஸ்காரர் கத்திக்கொண்டிருக்க, ஒரு டிராக்டர் அதன் மேலேயே ஏறிப் போய்விடுகிறது. பார்க்காக நடித்த சாங் காங் ஹோ, ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற கிராமத்துப் போலீஸ். சியோலில் இருந்து வரும் இன்னொரு போலீஸ்காரர் சியோவுக்குக் காகிதம் மட்டும்தான் சாட்சி. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியின் முதுகுக் காயத்துக்கு சியோ பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். அப்புறம் ஒருநாள், மழையில் கிடக்கும் உடலில் அதே பிளாஸ்திரி. அதோடு அவருடைய நிதானம் எல்லாம் போய்விடுகிறது.

சரி, குறைக்கு வருகிறேன். அடித்து வாக்குமூலம் வாங்குவதைப் பாதிப் படம் வரை நகைச்சுவையாகவே காட்டுகிறார்கள். உதைத்த அந்தக் காலையே பின்னால் வெட்டி எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதற்குள் நாம் சிரித்து முடித்துவிடுகிறோம். நிஜத்தில், 1988-ல் நடந்த எட்டாவது கொலைக்கு போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரை அடித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இருபது வருடம் சிறையில் இருந்தார். நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். படம் எடுக்கும்போது இது வெளியே வரவில்லை என்பது தெரியும். இருந்தாலும் அவரைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் காட்சிகளை என்னால் முன்போல் பார்க்க முடியவில்லை. இன்னொரு வருத்தம்: கொலை நடக்கும் மழை நாள்களில் எல்லாம் யாரோ வானொலியில் போடச் சொல்லிக் கேட்கும் பாட்டைக் கவனித்துத் துப்புக் கொடுப்பவர் ஒரு பெண் போலீஸ். அதற்குப் பிறகு அவரைப் படம் கிட்டத்தட்ட மறந்தே போகிறது.

இனி முடிவைப் பற்றிச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்து, முதல் பிணம் கிடந்த அதே வாய்க்காலுக்கு வரும் பார்க், கடைசியில் திரும்பி நேராக நம்மைப் பார்ப்பார். கொலைகாரன் தியேட்டரில் உட்கார்ந்திருந்தால் அவன் கண்ணைச் சந்திக்கட்டும் என்றே அதை வைத்ததாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். 2019-ல் மரபணுச் சோதனையில் ஆள் தெரிந்தது. மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1990-களிலிருந்தே சிறையில் இருந்தவன். வழக்குத் தொடரச் சட்டம் தரும் காலக்கெடு 2006-லேயே முடிந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்கு அவன்மேல் வழக்குப் போட வழியில்லை. 2020-ல், எட்டாவது கொலைக்குச் சிறை சென்றவரின் மறுவிசாரணையில் சாட்சி சொல்ல அவன் நீதிமன்றத்துக்கு வந்தபோது படத்தைப் பற்றிக் கேட்டார்கள். பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை என்றான்.