பிசி சூட்ட குறைக்க எதுல கை வைக்கணும்: மெஷ் கேஸா, கூடுதல் ஃபேனா, ஏஐஓவா?

டெஸ்க்டாப் சூடாகுதுன்னு யார்கிட்ட கேட்டாலும் மூணு பதில்தான் வரும். இன்னும் ரெண்டு ஃபேன் மாட்டுங்கம்பாரு ஒருத்தர், பிசி பெட்டியான கேஸே சரியில்ல, முன்பக்கம் வலை போட்ட மெஷ் கேஸுக்கு மாறுங்கம்பாரு இன்னொருத்தர், மூணாவது ஆளு என்ன ப்ராசஸர்னு கூட கேக்காம ஏஐஓ (தண்ணிய சுத்த விட்டு ப்ராசஸர குளிர்விக்கிற ரெடிமேட் கூலர்) போட்டுடுங்கன்னு முடிச்சிடுவாரு. மூணுமே வேலை செய்யும்தான், ஆனா ஒவ்வொண்ணும் தீக்குற பிரச்சனை வேற.

அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி சைடு பேனல கழட்டி வச்சிட்டு அதே கேம அதே செட்டிங்ஸ்ல அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. டெம்பரேச்சர் ஏழெட்டு டிகிரி இறங்குச்சுன்னா கூலர் மேல தப்பு இல்ல, கேஸுக்கு காத்து போதல. ரெண்டு மூணு டிகிரிதான் மாறுதுன்னா கேஸ் ஓகே, கூலரோ, அதுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட்டோதான் கோளாறு. காத்தோட்டம் ஒழுங்கா அமைஞ்ச கேஸ்ல பேனல கழட்டினா சில சமயம் சூடு ஏறவும் செய்யும், ஏன்னா முன்னாடி ஃபேன்ல இருந்து நேரா போக வேண்டிய காத்து சைடுல சிதறிடுது.

சரி, கேஸ்தான் பிரச்சனைன்னு தெரிஞ்சா, கிளாஸ் ஃபிரண்டா மெஷ் ஃபிரண்டா? இதுல எனக்கு சந்தேகமே கிடையாது, மெஷ். கணக்கு சிம்பிள். பிசி 400 வாட் சூட்ட கக்குது, கேஸ் வழியா 100 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 100 கன அடி) காத்து போகுதுன்னா உள்ள வர்ற காத்த விட வெளிய போற காத்து சுமாரா 7 டிகிரி சூடா இருக்கும், அதே காத்து 50 சிஎஃப்எம் ஆச்சுன்னா 14 டிகிரி. ரூம் சூடு இதுக்கு அடியில இருக்கு, அதையும் கூட்டிக்கணும். ஃபேன் பாக்ஸ்ல போட்டிருக்க சிஎஃப்எம் எதிர்ல எந்த தடையும் இல்லாம ஓடுறப்ப அளந்தது, அந்த ஃபேனுக்கு முன்னாடி ஒரு கண்ணாடிய நிறுத்தி ஓரத்துல விரல் அகல இடைவெளி மட்டும் விட்டா பாக்ஸ்ல பாத்த நம்பர மறந்துடலாம். அந்த கேஸ்ல கலர் லைட் எரியுற மூணு ஆர்ஜிபி ஃபேன வரிசையா மாட்டுறது மூக்க பொத்திக்கிட்டு மூச்சுப்பயிற்சி பண்ற கதைதான். மெஷ்ல குறை இல்லாம இல்ல, ஃபேன் சத்தம் நேரா காதுக்கு வரும், ஃபில்டர அடிக்கடி தட்டி சுத்தம் பண்ணணும். ஆனா காத்து தாராளமா வர்றதால ஃபேன மெதுவாவே ஓட்டலாம், கடைசில பாத்தா மூடின கேஸ விட அமைதியாவே இருக்கும். முன்பக்கம் முழுக்க கண்ணாடியா இருந்தும் அடியில இருந்தும் சைடுல இருந்தும் காத்து இழுக்குற லியான் லி ஓ11 டைனமிக் மாதிரி கேஸ் வேற கணக்கு, அங்க அடியில ஃபேன் போட்டா கிராபிக்ஸ் கார்டுக்கு நேரா ஃப்ரெஷ் காத்து கிடைக்கும், ஆனா அதுக்கு ஃபேன் நிறைய வேணும்.

ஃபேன் விஷயத்துல, இருக்குறத வேகமா ஓட்டுறதா புதுசா சேக்குறதான்னு கேட்டா சேக்குறதுதான் நல்லது. ஒரு ஃபேனோட ஆர்பிஎம்ம ரெண்டு மடங்கு ஆக்குனா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் ஏறும், அதே ஃபேன் இன்னொண்ணு பக்கத்துல மாட்டினா 3 டெசிபல்தான் கூடும். இடம் இருந்தா 120 எம்எம்ம விட 140 எம்எம், அதே காத்த கம்மி சுத்துல தள்ளிடும். ஃபில்டருக்கும், ஏஐஓ தண்ணிய ஆற வைக்கிற ரேடியேட்டருக்கும் பின்னாடி நிக்கிற ஃபேன்னா ஸ்டேட்டிக் பிரஷர் (தடைய மீறி காத்த தள்ற சக்தி) நல்லா இருக்கறத பாருங்க, காத்த வெளிய தள்ற, தடையில்லாத பின்பக்க எக்ஸாஸ்டுக்கு எதுவா இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல.

எங்க மாட்டணும்னா, முன்னாடி ரெண்டோ மூணோ உள்ள, பின்னாடி ஒண்ணு வெளிய, இதுலயே முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். அதுக்கப்புறம் மேல எக்ஸாஸ்ட் வைக்கணும்னா பின்பக்க ஓரமா மட்டும் வைங்க, முன்பக்க ஓரமா வச்சா ஃபிரண்ட் ஃபேன் இழுத்த குளிர்ந்த காத்து சிபியு (ப்ராசஸர்) கூலர தொடுறதுக்குள்ள மேல பிடுங்கிட்டு போயிடும். சூடான காத்து மேலதானே போகும்னு கேப்பீங்க, போகும், ஆனா ஒரு ஃபேன் ஓடுற கேஸ்ல அந்த இயற்கையான எழுச்சி ஒண்ணுமே இல்ல, ஃபேன் சொல்ற திசைதான் திசை. பாசிட்டிவ் பிரஷரா நெகட்டிவ் பிரஷரான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும், சூட்டுல ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, தூசிலதான் இருக்கு. உள்ள தள்றது அதிகமா இருந்தா (பாசிட்டிவ்) காத்து பெரும்பாலும் ஃபில்டர் வழியாதான் வரும், வெளிய இழுக்கறது அதிகமானா (நெகட்டிவ்) பின்னாடி ஸ்லாட் ஓட்டை சந்து பொந்து எல்லாத்துலயும் தூசியோட வரும். நான் எப்பவும் கொஞ்சம் பாசிட்டிவ் பக்கம்தான்.

ஏஐஓ வர்சஸ் டவர் கூலர்ல (தண்ணி இல்லாம உலோகத் தகடும் ஃபேனும் வச்ச கூலர்) முதல்ல பாக்க வேண்டியது, உங்க பிசில சூடு எங்க இருந்து வருதுன்னு. ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டுக்கு 450 வாட் ரேட்டிங், ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸருக்கு டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய சூட்டோட ரேட்டிங்) 120 வாட், கேம்ல அதுவும் முழுசா இழுக்காது. அப்படி ஒரு பில்டுல சிபியுக்கு ஏஐஓ போட்டு கார்ட அப்படியே வேக விட்டா என்ன லாபம்? ஏஐஓவ முன்னாடி மாட்டினா சிபியு கூலா இருக்கும், ஆனா ரேடியேட்டர் சூடாக்குன காத்து கார்டுக்கு போகும், மேல மாட்டினா கார்டு தப்பிச்சிடும், சிபியு ரெண்டு மூணு டிகிரி ஏறும், நான் மேலதான் மாட்டுவேன். எங்க மாட்டினாலும் ரேடியேட்டரோட ஒரு பகுதியாவது பம்ப்ப விட உயரமா இருக்கணும், இல்லன்னா உள்ள இருக்க காத்துக்குமிழி பம்ப்புக்கு வந்து கடகடன்னு சத்தம் போடும். டவர் கூலர்ல கெட்டுப்போறதுக்கு ஃபேன் ஒண்ணுதான் இருக்கு, ஏஐஓல பம்ப் இருக்கு, உள்ள இருக்க தண்ணியும் வருஷக்கணக்குல டியூப் வழியா கொஞ்சம் கொஞ்சமா குறையும். 253 வாட் வரைக்கும் போற கோர் ஐ9 14900கே வச்சு நாள் பூரா ரெண்டர் போடுறவங்களுக்கு 360 எம்எம் ஏஐஓ நியாயம்தான், மத்தவங்களுக்கு ரெட்டை டவர் கூலரே போதும். ரைசன் 7000ல எக்ஸ் மாடல் வச்சிருந்து ஃபுல் லோடுல 95 டிகிரி பாத்து பயப்படுறவங்க பயப்படாதீங்க, 95 வரைக்கும் போய் அங்கயே நிக்கற மாதிரிதான் ஏஎம்டி அத டிசைன் பண்ணியிருக்கு, பெரிய கூலர் போட்டா க்ளாக் வேகம் கொஞ்சம் ஏறுமே தவிர நம்பர் பெருசா இறங்காது.

கேபிள் மேனேஜ்மெண்ட் அழகுக்குதான், ஃபிரண்ட் ஃபேன் வாய அடைக்காத வரைக்கும் ஒரு டிகிரி கூட தராது. காசே இல்லாம பலன் தர்றது அண்டர்வோல்ட்டும் (சிப்புக்கு போற வோல்டேஜ குறைக்கறது) ஃபேன் கர்வும் (எந்த சூட்டுக்கு ஃபேன் எவ்ளோ வேகம்னு வைக்கறது). நிறைய மதர்போர்டுல கேஸ் ஃபேன் மாத்தாம விட்டா சிபியு டெம்பரேச்சரதான் பாக்கும், கேம்ல சூடாகுறது கார்டு, அதனால கார்டு 75 தாண்டுனாலும் கேஸ் ஃபேன் சும்மா சுத்திட்டு இருக்கும். விண்டோஸ்ல ஃபேன் கண்ட்ரோல்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஃபிரண்ட் ஃபேன கார்டு டெம்பரேச்சரோட கோத்து விடுங்க, கொஞ்சம் டிலேயும் வச்சிடுங்க, இல்லன்னா லோடிங் ஸ்கிரீனுக்கு லோடிங் ஸ்கிரீன் ஃபேன் ஏறி இறங்கி கடுப்பேத்தும்.