கவுன்சிலரின் சொத்தும் பரிசும்: இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா?

பிரிட்டன் என்ற ஒரே நாட்டுக்குள் இரண்டு வழி. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, கவுன்சிலர் பதவியேற்ற 28 நாளுக்குள் தன் வேலை, கவுன்சில் எல்லைக்குள் உள்ள நிலம், கவுன்சிலோடு உள்ள ஒப்பந்தம் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். தனக்குத் தெரிந்தவரை கணவன் அல்லது மனைவியின் விவரத்தையும் சேர்க்க வேண்டும். மனைவி பெயரில் நிலம் வாங்குவது புதிய தந்திரமா என்ன? அந்த ஓட்டையை அடைத்தது நல்ல காரியம். பதிவேடு கவுன்சிலின் இணையதளத்தில் வர வேண்டும் என்பதும் சட்டமே. நியாயமான காரணமின்றி மறைத்தால் குற்ற வழக்கு.

சரி, பரிசு? அங்கேதான் ஏமாற்றம். பரிசைப் பதிவு செய்யச் சொல்லி அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 50 பவுண்டும் அதற்கு மேலும் என்றால் தெரிவிக்கச் சொல்வது 2020-இல் வந்த மாதிரி நடத்தை விதிதான். அதை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த கவுன்சிலின் விருப்பம். விதியை மீறியவரை இடைநீக்கம் செய்யும் அதிகாரத்தையும் அதே 2011 சட்டம் பறித்துவிட்டது.

ஸ்காட்லாந்தில் 32 கவுன்சில்களுக்கும் ஒரே நடத்தை விதி. பரிசும் விருந்தோம்பலும் பதிவேட்டில் தனிப் பிரிவு. மீறினால் தனி ஆணையம் விசாரிக்கும். இடைநீக்கம் செய்யலாம், 5 ஆண்டுவரை பதவிக்குத் தகுதி நீக்கமும் செய்யலாம்.

என் ஓட்டு ஸ்காட்லாந்துக்கே. வீட்டுமனை அனுமதிக்கு வாக்களிப்பவர் யாரிடம் விருந்து சாப்பிட்டார் என்பதை அறியும் உரிமை, ஊருக்கு ஊர் மாறக் கூடாது. ஆனால் துணைவரின் சொத்தைப் பொதுவாகவே பதிவுசெய்ய வைக்கும் விதியை, இங்கிலாந்திடமிருந்து ஸ்காட்லாந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.