ரெகுலேட்டர் உள்ள டார்ச்சுக்கு எந்த பல்பு?

சாதாரண டார்ச்சில் செல் இறங்க இறங்க வெளிச்சம் மஞ்சளாகி மங்கும். இழை பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும். ரெகுலேட்டர் உள்ள டார்ச்சில் இந்தத் தொல்லை இல்லை. செல் தீரும் தறுவாய் வரை பல்புக்கு ஒரே வோல்ட்தான். ஆகவே பல்பை மாற்றும்போது செல்லின் வோல்ட்டை விட்டுவிட்டு, ரெகுலேட்டர் எத்தனை வோல்ட் தருகிறது என்று பாருங்கள்.

கணக்குக்கு ஒரு டார்ச்: தொடராக இரண்டு லித்தியம் செல், 6 வோல்ட் தரும் ரெகுலேட்டர், 6 வோல்ட் 10 வாட் ஹாலோஜன் பல்பு (இதுவும் இழை பல்புதான்). வெளிச்சத்தைக் கூட்ட மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அதே 6 வோல்ட்டில் 20 வாட் பல்பு. வெளிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பல்பின் ஆயுளும் குறையாது. ஆனால் மின்னோட்டம் 1.7 ஆம்பியரிலிருந்து 3.3 ஆம்பியருக்கு ஏறும். ரெகுலேட்டரும் செல்லும் அதைத் தாங்க வேண்டும். குளிர்ந்த இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் சுவிட்சைப் போட்ட கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு பாயும். அதைக் கண்டு செல்லின் பாதுகாப்புச் சர்க்யூட் தடுத்துவிட்டால், டார்ச் ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைந்துவிடும். வோல்ட்டை மெதுவாக ஏற்றிவிடும் ரெகுலேட்டர் என்றால் இந்தச் சிக்கல் வராது. அப்புறம் சூடு. பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரில் 20 வாட் பல்பைப் போட்டு நான் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்: பல்பின் துளையைச் சுற்றி வெள்ளிப்பூச்சு முதலில் பால் போல மங்கியது, பிறகு விளிம்பே நெளிந்துவிட்டது. இந்த வழிக்கு உலோக ரிஃப்ளெக்டரும் கண்ணாடி மூடியும் கட்டாயம்.

இரண்டாவது வழி, 5 வோல்ட் பல்பை 6 வோல்ட்டில் எரிப்பது. வெளிச்சம் அதன் இயல்பைவிட ஏறத்தாழ 85 சதவீதம் கூடும், நிறமும் நல்ல வெண்மை. அந்த வெண்மையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆயுளோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ரெகுலேட்டரைத் திருகி மாற்ற முடிந்தால் 6 வோல்ட் பல்புக்கு 6.3 கொடுத்துப் பாருங்கள். வெளிச்சம் 18 சதவீதம் கூடும், ஆயுள் பாதியாகும். நான் அதற்கு மேல் போகமாட்டேன்.

மூன்றாவது, இழை பல்பின் இடத்தில் பொருத்தும் எல்இடி. ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் எந்த இழையும் அதன் கிட்டே நெருங்க முடியாது. ஆனால் இந்த டார்ச்சுக்கு அது பொருந்துவதில்லை. பல ரெகுலேட்டர்கள் செல்லின் முழு வோல்ட்டையும் துண்டு துண்டாக வெட்டி அனுப்பித்தான் 6 வோல்ட்டுக்குச் சமமாக்குகின்றன. இழை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த வெட்டு அதற்குத் தெரியாது. எல்இடிக்கு ஒவ்வொரு துடிப்பும் தெரியும்: மினுக்கும், சில சமயம் அதன் சர்க்யூட்டே போய்விடும். சூடும் தலைகீழ். இழை தன் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு முன்னால் வீசிவிடும். எல்இடியின் சூடு பின்னால் அடிப்பாகத்தில் தங்கும், அதை வெளியே கடத்த பல்பு ஹோல்டரால் முடியாது.

என் தேர்வு முதல் வழி. டார்ச்சில் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் என்றால் 10 வாட்டிலேயே இருங்கள். நீண்ட நேரம் எரிய வேண்டுமென்றால் எல்இடிக்கென்றே செய்த டார்ச் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். 20 வாட்டில் செல் தாங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஹாலோஜன் பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெயும் உப்பும் ஒட்டிய இடத்தில் சூட்டில் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடி கெட்டுவிடும். டிஷ்யூ தாளால் பிடித்துச் சொருகி, டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கருவட்டம் விழுந்தால் இழை குவியத்தில் இல்லை. பல்பை அரை மில்லிமீட்டர் மேலே இழுத்தோ கீழே அழுத்தியோ பார்த்தால் வட்டம் நிறைந்துவிடும்.