கார்னியாவுக்கு ஒட்டுப் போட பிளாஸ்டிக்கா, கொலாஜனா, ஜெல்லா? ஓரத்தப் பாருங்க

கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போட்டவங்களுக்குத் தெரியும், ஒட்டுத்துணி எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் முதல்ல பிரியறது ஓரந்தான். கார்னியா, அதாவது கண்ணோட முன்பக்கம் இருக்கற தெளிவான படலம், கெட்டுப்போன கண்ணுல வைக்கற செயற்கைப் பொருளப் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் அது எவ்ளோ தெளிவா இருக்குன்னுதான் முதல்ல கேக்கறாங்க, ஆனா நான் படிச்ச வரைக்கும் ஜெயிச்சதும் தோத்ததும் அந்தப் பொருளும் நம்ம சதையும் சேர்ற இடத்துலதான். அதனால இங்க ஒவ்வொண்ணையும் அந்த ஓரத்த வெச்சே பாக்கறேன்.

கார்னியா நடுவுல சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதுல பத்துல ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா, அதாவது கொலாஜன்ங்கற புரத இழைங்க ஒரே சீரா அடுக்கின படுகை, ரத்தக்குழாயே கிடையாது. அந்த அடுக்கு கலைஞ்சா தழும்பாகி வெளுத்துடும். 1905 டிசம்பர்ல எட்வர்ட் சிர்ம் இன்னொருத்தர் கண்ணுலருந்து கார்னியா எடுத்து வெச்சு முதல்முறையா ஜெயிச்சாரு, இன்னிக்கும் அதுதான் முதல் தேர்வு. ஆனா 2016ல வந்த உலகளாவிய கணக்கெடுப்புப்படி 1 கோடியே 27 லட்சம் பேர் காத்திருக்காங்க, 70 பேருக்குத் தேவைன்னா ஒரு கார்னியாதான் கிடைக்குது. செயற்கைப் பொருள் வேணும்னு சொல்றதுக்கு இது ஒண்ணே போதும்.

முதல்ல கெட்டியான பிளாஸ்டிக். பாஸ்டன் கேப்ரோன்னு சொல்ற செயற்கைக் கார்னியா கிளாஸ் டோல்மன் உருவாக்குனது, 1992ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. சட்டைப் பொத்தான் மாதிரி முன்னாடி பிஎம்எம்ஏங்கற தெளிவான கெட்டிப் பிளாஸ்டிக்ல ஒரு தகடு, பின்னாடி துளை போட்ட ஒரு தகடு, நடுவுல தானமா வந்த கார்னியா வளையம். வெச்சு கொஞ்ச நாள்லயே பார்வை வரும், அது பெரிய விஷயம்தான். ஆனா பிளாஸ்டிக்கோட எந்த செல்லும் ஒட்டி வளராது, ரெண்டு தகடையும் இணைக்கற தண்டச் சுத்தி எப்பவும் ஒரு சந்து இருந்துட்டே இருக்கும், அங்க திசு கரையலாம், கிருமி உள்ள போகலாம், அதனால வாழ்நாள் பூரா ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து. இன்னொரு கஷ்டம் கண் அழுத்தம். அழுத்தம் கூடி பார்வை நரம்பு கெடற க்ளாக்கோமா வர வாய்ப்பு ஜாஸ்தி, ஆனா அழுத்தம் பாக்கற கருவி கார்னியாவ அழுத்தித்தான் அளக்கும், இங்க மேல இருக்கறதோ கெட்டிப் பிளாஸ்டிக், அதனால டாக்டர் விரலால அமுக்கிப் பாத்துதான் கணிக்கணும்.

இதே பிளாஸ்டிக்குக்கு 1963லயே இத்தாலில பெனடெட்டோ ஸ்ட்ராம்பெல்லி வேற வழி கண்டுபிடிச்சாரு, கேட்டா நம்ப முடியாது. நோயாளியோட கோரைப்பல்ல வேரோடயும் சுத்தி இருக்கற எலும்போடயும் எடுத்து, தகடா இழைச்சு, நடுவுல துளை போட்டு பிஎம்எம்ஏ குழாய ஒட்டி, அத சில மாசம் கன்னத்துத் தோலுக்கோ கண்ணிமைக்கோ அடில பதிச்சு வெப்பாங்க, ரத்தக்குழாய் வந்து அதச் சுத்திக்கிட்டதும் எடுத்து கண்ணுல வைப்பாங்க, மேல வாயோட உள்சவ்வால மூடுவாங்க. பாக்கறதுக்கு கண்ணு மாதிரியே இருக்காது, பார்வை எல்லையும் குறுகல். ஆனா ஓரம் நம்ம சொந்த எலும்பு, உசுரோட இருக்கறது, அதனால கண்ணீரே வராம காஞ்சுபோன கண்ணுலயும் பல வருஷம் நிக்குது. வேற எதுவும் பிடிக்காத கண்ணுக்கு நான் இதத்தான் முன்னாடி சொல்வேன்.

ஆல்ஃபாகார்னு இன்னொரு செயற்கைக் கார்னியா வந்துச்சு, நடுவுல பிஹெமாங்கற தெளிவான மெத்துப் பிளாஸ்டிக், ஓரம் அதே பொருள்ல பஞ்சு மாதிரி, செல் உள்ள புகுந்து பிடிக்கட்டும்னு. யோசனை ரொம்ப சரி. ஆனா மேல இருந்த திசு கரைஞ்சது, தெளிவான பாகத்துல படிவு சேந்தது.

அடுத்து கொலாஜன், என் மனசு இங்கதான் நிக்குது. ஸ்வீடன்ல மே கிரிஃபித்தும் பெர் ஃபாகர்ஹோல்மும் ஈஸ்ட்டுல தயாரிச்ச மனுஷக் கொலாஜன அச்சுல வார்த்து 10 பேருக்கு வெச்சாங்க, 2010ல ரெண்டு வருஷ முடிவு வந்துச்சு. நோயாளியோட சொந்த செல்லுங்களே அதுக்குள்ள குடியேறிடுச்சு, நரம்பு கூட திரும்ப வளந்துச்சு, தொட்டா உணர்ச்சி வந்துச்சு. ஓரம்ங்கறதே மறைஞ்சுபோற பொருள் இது. ஆனா ஆரம்பத்துல அது ரொம்ப மெத்து, தையல் ஊசி போட்டா நூலே அறுத்துடும்னு மேலோட்டமா குறுக்கத் தையல் போட்டுப் பிடிச்சு வெச்சாங்க, அந்தத் தையலே மேல்தோல் மூடறத தாமதப்படுத்தி சில இடத்துல பொருள மெலிய வெச்சுடுச்சு. பார்வை 6 பேருக்குத்தான் நல்லா தேறுச்சு.

2022ல வந்த பன்றித்தோல் கொலாஜன் இந்தத் தையல் தொல்லையவே விட்டுடுச்சு. ரெண்டு முறை கிராஸ்லிங்க் பண்ணி, அதாவது இழைங்கள ஒண்ணோட ஒண்ணு பிணைச்சு உறுதியாக்கி, கார்னியாவுக்குள்ளயே லேசரால ஒரு பை மாதிரி வெட்டி அதுக்குள்ள சொருகிட்டாங்க, எதையும் வெட்டி எடுக்கல. கெராட்டோகோனஸ், அதாவது கார்னியா மெலிஞ்சு கூம்பிப்போற நோய், இருந்த 20 பேர்ல 14 பேர் அதுக்கு முன்னாடி பார்வையற்றவங்க, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தரும் அந்தக் கணக்குல இல்ல. படிச்சப்போ ரொம்ப நேரம் அந்த வரியிலயே நின்னுட்டேன். ரெண்டு வருஷம் வரைக்கும் எடுத்து வெக்கலாங்கறதும் சின்ன விஷயம் இல்ல, தானமா வர்ற கார்னியாவ அப்படி வெச்சிருக்க முடியாது. ஆனா ஒண்ணு, அவங்க கார்னியா மெலிஞ்சு கூம்பிப்போனது, ஆழமா வெளுத்துப்போன தழும்புக்கு இதே முறை பொருந்தும்னு எடுத்துக்கக் கூடாது, அந்தத் தழும்பு உள்ளயேதான் கிடக்கும்.

ஜெல் வேற ஜாதி. 2019ல வந்த ஜெல்கோர், ஜெலட்டின மாத்தி செஞ்சது, திரவமா ஊத்தி சாதாரண வெளிச்சம் காட்டினா கெட்டியாகி அங்கயே ஒட்டிக்கும், குழியோட வடிவத்துக்கே அமையும். அந்த ஆய்வுல முயல் கண்ணுலதான் பாத்தாங்க. சின்ன ஓட்டைய அடைக்க இப்போ சயனோஅக்ரிலேட்ங்கற சட்டுன்னு ஒட்டற பசைதான் போடறாங்க, அது காஞ்சா சொரசொரன்னு கல்லு மாதிரி உறுத்தும், மேல கான்டாக்ட் லென்ஸ் போட்டுத்தான் இருக்கணும். அந்த இடத்துக்கு ஜெல் வந்தா நோயாளிக்கு எவ்ளோ நிம்மதி.

மேல சொன்ன செயற்கைப் பொருள் எதுவும் கார்னியாவோட உள்பக்க எண்டோதீலிய செல்லத் திரும்பத் தராது. தண்ணிய வெளிய இறைக்கற அந்த செல்லு மனுஷனுக்கு போனா மறுபடி வளராது, கார்னியா ஊறிப்போய் மங்கிடும். அதுக்கு கியோட்டோவுல கினோஷிட்டா குழு 2018ல ஒட்டே இல்லாம பண்ணாங்க. வளத்த செல்ல செல்லு ஒட்டிக்க உதவற ராக் இன்ஹிபிட்டர் மருந்தோட கலந்து ஊசில கண்ணுக்குள்ள விட்டுட்டு, 11 பேரையும் 3 மணி நேரம் குப்புறப் படுக்க வெச்சாங்க, செல்லுங்க தானா கீழ எறங்கி கார்னியாவோட உள்பக்கமா படிஞ்சு ஒட்டிக்கறதுக்காக.