ஆங்கில விக்கிப்பீடியாவின் நீக்கல் விவாதம்: ஒரு மதிப்பீடு

வாழும் ஒருவரைப் பற்றிய கட்டுரை ஆங்கில விக்கிப்பீடியாவில் இருக்கலாமா என்பதைத் தன்னார்வலர்களே வாதிட்டுத் தீர்மானிக்கும் நீக்கல் விவாதத்தை, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்பதற்காகவே பெரிதும் மதிக்கிறேன். வழக்கமாக 7 நாள் நடக்கும் அதில், ஒவ்வொருவரும் தம் முடிவைத் தடித்த எழுத்தில் இட்டுக் காரணத்தைத் தொடர்ந்து எழுத, இறுதியில் ஒருவர் தலைகளை எண்ணாமல் வாதங்களின் வலுவை எடைபோட்டு முடித்துவைக்கிறார்.

சான்று கேட்பதில் கண்டிப்பு தேவைதான். 2005 இல் அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்ட பொய், அவரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் மாதக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்தது.

ஆனால் அந்தக் கண்டிப்பு யார்மீது விழுகிறது என்பதே என் மனக்குறை. 117 ஆம் தனிமமான டென்னசினைக் கண்டறியத் தேவைப்பட்ட பெர்க்கிலியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைத் தூய்மைப்படுத்திய குழுவில் உழைத்த வேதியியலர் கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் பற்றிய கட்டுரை, அவரைப் பற்றித் தனித்து எழுதிய சான்றுகள் போதவில்லை என்ற வாதத்தால் 2019 இல் நீக்கப்பட்டு, நீண்ட இழுபறிக்குப் பின் 2020 இல்தான் மீண்டது. இயற்பியலர் டோனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றிய கட்டுரை வரைவும் 2018 மே மாதம் இதே போன்ற காரணத்தால் திருப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பத்திரிகைகள் கண்டுகொள்ளாத உழைப்பை இந்த அளவுகோலும் காண்பதில்லை. ஆய்வகப் பெண்களுக்கு இது பெரும் அநீதி.

நடைமுறையின் வெளிப்படைத்தன்மைக்கு முழு மதிப்பெண் தருவேன், அளவுகோலுக்குப் பாதிதான்.